மாத்தளையில் நான் ஊதிய விளக்கு

படிக்கத் தெரியாதவள் கண்ணாடி போடக் கூடாது. போட்டால் என்ன ஆகும் என்று சொல்வதற்கு மாத்தளை மாவட்டத்திலேயே என்னைவிடத் தகுதியானவள் கிடையாது.

எல்கடுவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர் ஒருநாள் வந்து சொன்னார். மனித உரிமை பற்றி அரசாங்கமே மாத்தளைக்கு வந்து சனங்களிடம் கருத்துக் கேட்கப் போகிறதாம். யாரும் போய்ப் பேசலாமாம். காணாமல் போனவர்களின் படமும் கொண்டு வரலாமாம். (என்னிடம் கருத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. கேட்கத்தான் ஆளில்லை.)

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. என் மகன் சந்திரன் எங்கே?

எண்பத்தொன்பதில் அவன் மாத்தளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று பார்க்காமல் இளசுகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஒருநாள் கடை பூட்டிய பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளையை யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள். ஏற்றியது யார், இறக்கியது எங்கே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருஷங்கள் போகப் போக, வரிசை வீடுகளில் எங்களோடு இருந்த லயத்துச் சனங்களுக்குப் பொறுக்கவில்லை. "படத்துக்கு ஒரு பூவப் போட்டு வெளக்க ஏத்துக்கா, ஆத்துமா அலையும்" என்று வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தேன். செத்தவர்கள் படத்துக்குத்தானே பூவும் விளக்கும். என் பிள்ளை செத்ததை எவன் கண்டான்?

புறப்படும் நாளில் மகள் புஷ்பம் சொன்னாள்: "இருக்குற சீலையிலயே போவோம்மா. நம்ம கஷ்டம் அவங்களுக்கும் தெரியட்டும்."

"நாம என்ன பிச்ச கேக்கவா போறோம்? ஞாயம் கேக்கப் போறோம்டி."

அவளுடைய கல்யாணப் பச்சைப் பட்டை எடுத்துக் கட்டினேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு சங்கிலி இரவல் வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். செத்துப்போன என் வீட்டுக்காரரின் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் காலையில் பேர் வாசித்த கங்காணி. அந்தக் கண்ணாடிக்குத் தோட்டத் துரையே மரியாதை கொடுத்தார். ஆனால் என் மூக்கில் ஏறியதும் உலகமே கலங்கிப் போய்விட்டது. இல்லாத படியில் காலை வைத்தேன். இருந்த படியை விட்டுவிட்டேன். வழியில் உக்குவளையில் பஸ் நின்றதும் மாத்தளை வந்துவிட்டது என்று இறங்கப் பார்த்தேன். புஷ்பம்தான் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மண்டப வாசலில் ஒரு பெண்பிள்ளை என் கையிலிருந்த சந்திரன் படத்தை வாங்கிக்கொண்டாள். "தாங்கம்மா, முன்னால வைக்கணும்." அதற்குள் டை கட்டிய ஒரு அரசாங்க மாத்தயா ஓடி வந்து கும்பிட்டார். "வாங்க டீச்சர், ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்!" பட்டுச் சீலையையும் கண்ணாடியையும் பார்த்து, அழைத்திருந்த பெரிய டீச்சர் நான்தான் என்று நினைத்துவிட்டார். என் தோளில் ஒரு பட்டுப்பூவைக் குத்தி, முதல் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

புஷ்பம் காதோரம் வந்தாள். "அம்மா, இது வேற யாருக்கோ போட்ட நாற்காலி. எந்திரிங்க."

"சும்மா இருடி. அரசாங்கம் இப்பதான் மரியாத படிச்சிருக்கு."

கூட்டம் தொடங்கியது. முதலில் குத்துவிளக்கு. விகாரையிலிருந்து வந்த ஹாமதுரு ஒரு திரியை ஏற்றினார், பாதர் ஒன்று, மௌலவி ஒன்று. அடுத்தது "டீச்சர்" என்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மேடையில் இல்லாத ஒரு படியை ஏறினேன். தடுமாறியதில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியது. அன்று முதல்முறையாக எனக்குக் கண் தெரிந்தது.

விளக்கின் காலடியில் ஒரு மேசை. அதில் வெள்ளைத் துணி. துணி நிறையப் படங்கள், படத்துக்குப் படம் ஒரு பூ. நடுவில் என் சந்திரன். அரும்பு மீசை. தலைமாட்டில் வெள்ளைப் பூ. முகத்தில் விளக்கு வெளிச்சம்.

ஈர விறகை ஊதி ஊதிப் பழகிய நெஞ்சு எனக்கு. ஒரே மூச்சுத்தான். ஹாமதுரு ஏற்றியது, பாதர் ஏற்றியது, மௌலவி ஏற்றியது, எல்லாம் போச்சு. (மூன்று மதத்தையும் ஒரே மூச்சில் அணைத்தவள் என்று புஷ்பம் இன்றைக்கும் சொல்வாள்.)

டை மாத்தயா பதறிப்போனார். "டீச்சர்! என்ன செஞ்சிட்டீங்க?"

"நான் டீச்சர் இல்லீங்க, கொழுந்து பறிக்கிறவ. இந்தா இருக்கானே, இவனோட அம்மா. இவன் செத்துட்டான்னு ஒங்களுக்குத் தெரியுமா மாத்தயா? தெரிஞ்சா எங்கன்னு சொல்லுங்க. நானே வெளக்க ஏத்துறேன்."

பக்கத்தில் மைக் இருந்தது எனக்குத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ அதைச் சிங்களத்திலும் சொன்னார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிங்களத் தாய் எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தன் மகன் படத்தை எடுத்து, பூவை உதறிவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரு தகப்பன். கொஞ்ச நேரத்தில் மேசையில் வெள்ளைத் துணியும் பூக்களும்தான் மிச்சம்.

கூட்டம் விளக்கில்லாமலே நடந்தது. உண்மையான டீச்சர் அதுவரை சாதாரணச் சீலையில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாராம், பாவம். பின்னேரம் என் முறை வந்தபோது அதே கேள்வியைத்தான் கேட்டேன். எழுதிக்கொண்டார்கள். பதில் வரும் என்றார்கள். பட்டுப்பூவைத் திருப்பிக் கேட்டார்கள். பதில் வந்ததும் தருகிறேன் என்றேன். பூ இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினால், "மொதல்ல அம்மாவப் பின்னுக்கு உக்கார வைங்க!" என்று கூச்சல் கிளம்பும். நானும் சிரிப்பேன்.

லயத்துக்குக் கரண்ட் வந்த வருஷம் மருமகன் சந்திரன் படத்துக்கு மேல் ஒரு சின்ன பல்ப் மாட்டினார். "இத ஊத முடியாதே மாமி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த பல்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே மாட்டச் சொன்னேன்.

"அங்க எதுக்கு மாமி?"

"வர்றவனுக்குப் படி தெரிய வேணாமா?"

பொழுது சாய்ந்தால் இன்றைக்கும் அது எரிகிறது. கரண்ட் பில் வரும்போதெல்லாம் புஷ்பம் முணுமுணுப்பாள்: "ஊர் வெளக்கெல்லாம் ஊதத் தெரியும். இந்த ஒண்ண மட்டும் அணைக்கத் தெரியாது."