மூன்றடி தள்ளிய மண்மூட்டை

மட்டக்களப்பில் காலடி சேர் எண்ணாமல் விட்ட தூரம் ஒன்று உண்டென்றால், அது வாவிக்கு நடுவில்தான் இருக்கும். தண்ணீரில் நடக்க அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தீவை முதலில் அளந்தவர்களில் ஒருவரின் பெயர்தான் எங்கள் கல்லூரிக்கு. மண்டபத்தில் அவர் படம் இருந்தது. அதில் மீசை தெரிந்ததே தவிர விவரம் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த காலடி சேர்.

"அந்த மனிசன் காடு முழுக்கக் காலால அளந்தவர். அவர்ர பேரில இருக்கிற கல்லூரிக்கு நான் சைக்கிள்ள வாறதா?" என்பார்.

ஆகவே நடந்தார், ஒவ்வொரு காலடியையும் எண்ணினார், குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். ஆரையம்பதியில் நடந்த தன் கல்யாணத்தில் மணவறையைச் சுற்றும்போதும் வாய் முணுமுணுத்ததாம். மாப்பிள்ளை மந்திரம் சொல்கிறார் என்று ஐயர் மகிழ்ந்துபோனாராம்.

யுத்த காலத்தில் அவர் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே சென்றி என்ற இராணுவக் காவலரண் முளைத்தது. ஒரு காலை சோதனையில் அந்தப் புத்தகம் அங்கே அகப்பட்டது. கல்லூரி வாசலில் இருந்து சென்றி வரை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு அடி என்று எழுதியிருந்தது. சென்றிக்குத் தூரம் அளந்து வைத்திருப்பவரை, தாக்குதலுக்கு வேவு பார்த்தவர் என்று பிடித்து, அந்த நாளில் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பின்னால் வந்த மாணவர் நாங்கள் ஏழு பேரும் வேலியோரம் ஒதுங்கினோம்.

"இது எதுக்கு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அதிகாரி.

"சும்மாதான் சேர். பழக்கம்."

நம்புவாரா? நடந்து காட்டச் சொன்னார். துவக்கோடு இரண்டு சிப்பாய்கள் கூடப் போக, காலடி சேர் கல்லூரி வாசலுக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். சென்றியைச் சுற்றி அடுக்கிய மண்மூட்டைக்கு முன்னால் நின்றவரின் முகம் செத்துப்போயிற்று.

"நாற்பத்தொன்பது! மூணு அடி கூட!"

அவருக்கு உயிர்ப்பயம் இல்லை, கணக்குப் பிழைத்த வெட்கம்தான். பிறகு மண்மூட்டைகளை முறைத்தார்.

"நீங்கதான் சேர் இதைப் பின்னுக்குத் தள்ளி வைச்சிருக்கீங்க!"

சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முந்தின நாள்தான் தள்ளி அடுக்கினார்களாம். அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புத்தகத்தை மட்டும் பறித்துக்கொண்டு, "இனி எண்ணினா விட மாட்டன்" என்று அனுப்பினார்.

கேட்டாரா மனிதர்? மறுநாளே உதடு அசைந்தது. அன்றிலிருந்து நாங்கள் முறைவைத்து அவர் வீட்டு வாசலுக்கே போய், வழி முழுக்கப் பக்கத்தில் நடந்து ஓயாமல் கதைத்தோம். கிரிக்கெட், கிரான் வயலில் நெல் வெட்டு, வீட்டு மீன்கறி, வாயில் வந்ததெல்லாம்.

"சும்மா இரி மனே, எண்ணிக்கை பிழைக்குது!" என்று சீறுவார்.

பிழைக்கட்டும் சேர். நீங்கள் வந்து சேர்ந்தால் எங்களுக்குப் போதும்.