அப்பா மூன்று முறை வண்டியைத் திருப்பினார்

மே 21, இரவு

மாதாவின் துணையோடு, என் மேல் எந்நாளும் பாசம் குறையாத அருள்ஜோதி அக்காவுக்கு, உன் தங்கை இசைவாணி கொசுவலைக்குள் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, நான், மாடு, கன்று எல்லோரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் வயிற்றில் இருக்கும் ஏழாம் மாதமும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். காகிதத்தில் அங்கங்கே ஈரம் இருக்கும். அது கண்ணீர் இல்லை, டார்ச்சைக் கவ்வியதால் வடியும் எச்சில். மன்னிக்கவும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எனக்குப் போன் கொடுக்கும் ஒரே ஜீவன் என் சிநேகிதி சந்திரலேகா. அவள் லீவுக்கு வேதாரண்யத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவின் போன் அப்பாவிடம் இருக்கிறது. எப்போதும் அப்பாவிடமே இருக்கிறது. அதுதான் பிரச்சினை, வரிசையாகச் சொல்கிறேன்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தலைப்பிரசவத்துக்கு வீட்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவார்களா, அப்பாவின் மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றாய். நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பார்ப்பதோடு நிற்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை தங்கச்சிமடத்தில் இருக்கிறாரே, அவர் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று ஓலை வந்தது. அப்பா சம்பா நெல் விற்று ஒரு பழைய மாருதி வாங்கியிருக்கிறார். இந்த வண்டியில் ராமேஸ்வரம் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். எங்கே எதைப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் நீ உன் கம்பெனிக்காகப் பேசிப் பதிவு செய்தாயே, ஒவ்வொரு இடம் வந்ததும் போனிலிருந்து தானாகவே பேசும் அந்தத் தீவுச் சுற்றுலா, அது ஞாபகம் வந்தது. அப்பாவின் போனில் அதை நான்தான் ஏற்றினேன். அப்பாவை ஏமாற்ற இல்லை. குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி வரும் அம்மா, உன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு என் பெயருக்கு வருகிறாள். நீ வீட்டில் சொல்லாமல் அத்தானைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, ஒரு வருஷம் பத்து மாதமாக இப்படித்தான். அம்மா உன் குரலை ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அடையாளம் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அதில் நீ ஆண்டு விழாவில் பேசுவது போலப் பேசுகிறாய். வீட்டில் நீ பேசியதில் முக்கால்வாசி "அம்மா என் சீப்பு எங்க" என்பதுதான்.

பாம்பன் பாலத்தில் ஏறினோம். "வணக்கம். நீங்கள் இப்போது ஒரு தீவுக்குள் நுழைகிறீர்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்" என்றாய். அம்மா மடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த கடலை கையிலேயே நின்றுவிட்டது. அப்பா மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று தெரியாமல் வண்டியைப் பத்தில் ஓட்டினார். பின்னால் ஒரு பஸ், இரண்டு வேன், ஒரு மீன் லாரி எல்லாம் ஆரன் அடித்தன. "அந்தப் பொண்ணு மெதுவா போகச் சொல்லுது, இவனுங்களுக்கு என்ன அவசரம்" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போய், "பேச்சு நல்லாத்தான் இருக்கு, மூச்சு விடாம பேசுது, நடுவுல தண்ணி குடிக்கலாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஆமாங்க, நல்லா பேசுது" என்றாள்.

அதற்குப் பிறகு அப்பா நடந்துகொண்டது நம் அப்பா போலவே இல்லை. டாக்டர் சொன்னாலே கேட்காத மனிதர். நீ இடது பக்கம் பாருங்கள் என்றால் இடது பக்கம் பார்த்தார். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். இந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்றாய், அப்போதுதான் டீ குடித்திருந்தோம், மறுபடி குடித்தோம். இங்கே காலை நனைக்கலாம் என்றாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்று, போதுமா என்று போனைத் திரும்பிப் பார்த்தார். நீ பேசி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றார். ஒரு தடவை "சரிம்மா" என்றார். அது எல்லாப் பெண்களிடமும் சொல்வதுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஞானஸ்நானத்தில் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கோயில் உன் ஐந்தாம் இடத்துக்கு அருகில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றப் போகிறார், கோயிலே அமைதியாக இருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து, "இங்கே வண்டி நிறுத்த நிழலான இடம் உண்டு" என்கிறாய். சாமியார் கையில் தண்ணீரோடு அப்பாவைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் போனை அணைத்திருப்பார்கள். அப்பா பையைப் பொத்திக்கொண்டு, குனிந்து வெளியே போய், வேப்ப மரத்தடியில் நின்று நீ சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு வந்தார். அதற்குள் குழந்தைக்குப் பெயரே வைத்து முடித்துவிட்டார்கள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதெல்லாம் எனக்குப் பெரிய பயம் இல்லை. என் பயம் முழுவதும் பதினொன்றாம் இடம். ஏற்றும்போதே எல்லாவற்றையும் கேட்டிருந்தேன், அதனால் அங்கே நீ என்ன பேசியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தால் போன் கடலுக்குள் போகும், பிறகு நீ ஏழாம் மாதம் என்ன, எழுபதாம் மாதம் ஆனாலும் இந்த வீட்டுக்கு வர முடியாது. ஆகையால் தனுஷ்கோடி ரோட்டில் வண்டி திரும்பியதும் நான் சிலுவை போட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, உனக்கே தெரியும். அம்மா போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பதில் சொன்னாள். அப்பாவும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார். ஐம்பது மணியும் முடிந்து, ரோடு முடியவில்லை என்பதால் மன்றாட்டு மாலையும் சொன்னேன். பதினொன்றாம் இடம் முணுமுணுப்பாகக் கடந்து போயிற்று. அரிச்சல்முனையில் இறங்கியபோது, தப்பித்தோம் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

அக்கா, அந்த ரோடு அங்கேயே முடிந்துவிடுகிறது. போன வழியே திரும்ப வர வேண்டும். இது எனக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

ஒரே நாளில் இரண்டு ஜெபமாலை சொன்னால் அம்மாவே சந்தேகப்படுவாள். அதனால், "வாந்தி வருதுப்பா, வேகமா போங்க" என்றேன். எந்தத் தகப்பனாவது வாந்தி வருகிறது என்றால் வேகமாகப் போவாரா. ஓரமாக நிறுத்திவிட்டார். நிறுத்திய இடம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் மணலில் குந்திக்கொண்டு வராத வாந்தியை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அம்மா போனின் சத்தத்தைத் திரும்பக் கூட்டியிருக்கிறாள், திறந்த கதவு வழியாக உன் குரல் வருகிறது.

"பதினொன்றாம் இடம். இடது கையில் ஒரு கடல், வலது கையில் ஒரு கடல். ஒன்று குளம் போலக் கிடக்கிறது, ஒன்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நான் கடைமடைக்காரி. எல்லா ஊருக்கும் போய் மிச்சம் இருந்தால்தான் எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வரும். வருகிற அன்று விடியலில் என் அப்பா என்னை எழுப்பி, தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடுவார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் நடந்து வரும். 'அந்தா பாரு, உன்னைப் பாக்கத்தான் மேட்டூர்லேர்ந்து நடந்து வருது' என்பார். உலகத்தில் உள்ள தண்ணீர் எல்லாம் என்னைப் பார்க்கத்தான் வருகிறது என்று பத்து வயது வரை நம்பினேன். இங்கே முதல் முறை வந்து நின்றபோது, யாரையாவது தோளில் தூக்கி இந்த இரண்டையும் காட்ட வேண்டும் போல இருந்தது. அடுத்த இடம் நான்கு கிலோமீட்டரில்."

அப்பா என்ஜினை அணைத்துவிட்டார். நீ பேசி முடித்த பிறகும் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். யாரும் எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அப்பா, "முனையில துண்ட விட்டுட்டேன் போலருக்கு" என்று வண்டியைத் திருப்பினார். போகும்போது நீ மறுபடி பேசினாய். முனைக்குப் போகவே இல்லை, பாதியில் திரும்பினார். வரும்போது மறுபடி பேசினாய். உன் இடமும் வலமும் மாறி மாறி வந்தன, அப்பா அதற்கும் தலையை அந்தந்தப் பக்கம் திருப்பினார். இப்படி மூன்று தடவை. சாயங்காலம் ஆனதால் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன பெரியவரே, போறீங்க வர்றீங்க, போறீங்க வர்றீங்க."

"துண்டு ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

"தோள்ல கிடக்கறது என்ன?"

அப்பா தோளைத் தொட்டுப் பார்த்தார். "இது வேற துண்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. அப்பா போனைக் கீழே வைப்பதில்லை. சாப்பிட்டதும் எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போகிறார், அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கம்பெனி எந்த ஊர்ல இருக்கு" என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி, "சிங்கப்பூர்ப்பா" என்றேன். "அவ்வளவு தூரமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்று, அந்தச் சுற்றுலாவுக்கு நட்சத்திரம் போடுவது எப்படி என்று கேட்டார். ஐந்தையும் அமுக்கினார். கீழே இருந்த கட்டத்தில் ஒற்றை விரலால் கால் மணி நேரம் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "பேச்சு நன்று. சாப்பிட்டீர்களா" என்று எழுதியிருந்தார். இது ஏதோ துப்புத் துலக்கும் வேலை. உன் ஆபீசில் மரியஅந்தோணி என்று அப்பாவின் பெயரில் ஏதாவது வந்தால் தயவுசெய்து பதில் போட்டுவிடாதே.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: இப்போது வர நினைக்காதே. அவர் கண்டுபிடிக்கும் தறுவாயில் இருக்கிறார். கண்டுபிடித்துக் கத்தி முடித்து, ஆறிய பிறகு சொல்கிறேன். பிரசவத்துக்கு அங்கேயே நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக்கொள். நான் எப்படியாவது வருவேன். எப்படி என்று தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம். மாதா உன்னையும் குழந்தையையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். படித்ததும் கிழித்துவிடு.

உன் பயந்த தங்கை,
இசைவாணி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். எழுதி முடித்து அப்படியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் டார்ச் அணைந்து அலமாரியில் இருக்கிறது, கடிதத்தைக் காணவில்லை. வெளியே ஓடினால், அப்பா முற்றத்தில் நிற்கும் காரின் முன் சீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தேன். அம்மா சொன்னாள்: "பாலத்துல அவ வணக்கம் சொன்னப்பவே அவருக்குத் தெரியும்டி. அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நடுவுல நீதான் ஜெபமாலை சொல்றேன், வாந்தி எடுக்கறேன்னு எங்கள நிம்மதியா கேக்க விடல."

அப்பா என்னைக் கூப்பிட்டார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "ஏழு மாசம்னு ஏன் எங்கிட்ட சொல்லல" என்று மட்டும் கேட்டார். பிறகு, "பேனா எடு, கீழ எழுது" என்றார். போனிலேயே சொல்லிவிடலாமே என்றேன். "போன்ல என்னத்தப் பேசறது எனக்கு. நீ எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை விடியக் கிளம்பி அம்மாவும் அப்பாவும் நானும் வருகிறோம். பின் சீட்டில் மெத்தை போட்டுவிடலாம், வண்டி நாற்பதைத் தாண்டாது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

இந்த இடத்தில் நான், "யாருப்பா மாப்பிள்ளை" என்று கேட்டுவிட்டேன்.

"வசந்தகுமார்னு ஒருத்தர் இருக்காருல்ல, அவருதான். எழுது."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மாடி வீடா, கீழ் வீடான்னு தெரியல. மாடின்னா நானே மேல வந்து கூட்டிக்கறேன், வண்டி சத்தம் கேட்டதும் அவசரப்பட்டுப் படியெறங்கி வந்துட வேணாம்னு எழுது" என்றார்.