கொக்கிப்புழு ஒப்புதல் குழு

மக்கள் நலன் கருதி ஓர் ஒப்புதல் குழு இருக்க வேண்டியது அவசியம்தான். ஏழு உறுப்பினர்கள், ஒரு செயலர், ஒரு நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேசையின் வாசல் பக்க மூலையில், ஒன்பது ஆண்டு உழைப்பைக் கோப்பாக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆய்வாளர்.

கீழ்த்தளத்துக் குளிர்பெட்டியில் அவளுடைய தடுப்பூசி இருநூறு குப்பிகளில் இருந்தது. மாதக் கடைசியோடு அதன் ஆயுள் முடிகிறது. பெரியவர்களுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, செங்கல் சூளையை ஒட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அங்கே வாத்தியார் அவளுடைய தம்பி.

"முதல் பீரியட்லயே பாதி கிளாஸ் தூங்குதுக்கா. ரத்தத்தை எல்லாம் புழு உறிஞ்சிடுது. மாத்திரை குடுத்தா போகுது, மூணே மாசத்துல மறுபடி வந்து உக்காந்துக்குது" என்று வாரம் தவறாமல் போனில் புலம்புவான்.

"சுருக்கமா சொல்லுங்க" என்றார் குழுத் தலைவர்.

"கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியா உள்ள வருது சார். அதோட மேற்பரப்புல ஒரு புரதம் இருக்கு. அந்தப் புரதத்தை மட்டும் தயாரிச்சு ஊசியா போட்டா, உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும். நிஜப் புழு வந்தா வாசல்லயே பிடிச்சுடும்."

"அதாவது, சட்டையைக் காட்டி திருடனை அடையாளம் சொல்றீங்க."

"ஆமா சார்."

"திருடன் சட்டையை மாத்திக்கிட்டு வந்தா?"

இந்த ஒரு கேள்விக்காகவே அவள் இரண்டு ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டவள். ஆசையோடு வாய் திறந்தாள். அதற்குள் செயலர் கனைத்தார். எந்தத் தாளையும் திருத்தாமல் திருப்பித் தராதவர் என்பதால், அலுவலகம் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்திருந்தது.

"முதல்ல படிவம் பதினொண்ணு. விவாதப் பொருளோட சொந்தத் தொடர்பு உள்ளவங்க ஓட்டுப் போடக்கூடாது. இங்க விவாதப் பொருள் புழு. உறுப்பினர்கள் யாருக்கும் புழுவோட தொடர்பு இல்லன்னு அத்தாட்சி வேணும்."

"என்ன மாதிரி அத்தாட்சி?"

மூடி போட்ட ஏழு சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களைச் சிவப்பு மை மேசைமேல் வரிசையாக வைத்தார். தலைவர் தம் தண்ணீர் பாட்டிலை மெல்லத் தள்ளி வைத்தார்.

நான்கு நாளில் முடிவு வந்தது. எழுவருக்கும் தொடர்பு இருந்தது, உள்ளார்ந்த தொடர்பு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆறு மாதமாக அந்த அலுவலகத்தை வெறுங்கால் நடை பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சகல நோய்க்கும் செருப்பே மூலம் என்று தலைவர் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதிகாரிகள் எல்லாரும் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஈரப் புல்லில் இருபது நிமிடம் நடந்தார்கள். புல்லுக்கு ரசாயனம் ஆகாது என்பதால், கழிவுத்தொட்டியில் அள்ளியதை அப்படியே இயற்கை உரமாகப் பரப்பியிருந்தார்கள். இது ஆபத்து என்று ஆய்வாளர் எழுதிய குறிப்பு, 'பாதங்களின் சுதந்திரத்துக்கு முரணானது' என்ற சிவப்பு மைக் குறிப்புடன் திரும்பி வந்தது.

"ஏழு பேருமே பயனாளிகள் ஆயிட்டீங்க. யாரும் ஓட்டுப் போட முடியாது" என்றார் சிவப்பு மை.

"அப்ப வேற குழு போடுங்க சார்" என்றாள் அவள்.

"வேற குழு போடணும்னா இந்தக் குழு ஓட்டுப் போடணுமே மேடம்."

"உங்களுக்கு இருக்கா?" என்று அவளைக் கேட்டார் ஓர் உறுப்பினர்.

"இல்ல சார். நான் ஷூ போட்டுக்கறேன்."

"புழுவே இல்லாதவங்களுக்கு இந்த விஷயத்துல இவ்வளவு அக்கறை எதுக்கு?" அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அவள் வாதாடவில்லை. மருந்துக்கடைக்கு ஓடி ஏழு மாத்திரை வாங்கி வந்து, தன் கண்முன்னே ஏழு பேரையும் விழுங்க வைத்தாள். இரண்டு வாரம் கழித்து மறு சோதனை. எழுவரும் சுத்தம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் குழு கூடியது. எல்லார் முகத்திலும் புது ரத்தம்.

"ஒரே மாத்திரை, எல்லாம் போச்சு. இதுக்கு எதுக்கும்மா தடுப்பூசி?" என்றார் தலைவர்.

"மறுபடி வரும் சார்!"

"வந்தா மனு போடுங்க."

"வந்துட்டா நீங்க ஓட்டுப் போட முடியாதே சார்."

"வரலன்னா ஊசியே வேண்டாமே?"

ஏழு தலைகள் ஆடின. வாதத்தின் அழகில் அவள் தலையும் ஒருமுறை ஆடிவிட்டது.

வெளியே வந்ததும் சிவப்பு மை ஆறுதலாகச் சொன்னார். "மனசு விட்டுடாதீங்க மேடம். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. குப்பிகளோட ஆயுளை ஆறு மாசம் நீட்டச் சொல்லி எழுதிடறேன்."

மருந்தின் ஆயுள் கையெழுத்தால் நீளாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசை. ஒன்பது ஆண்டு ஒவ்வொரு சொட்டையும் மூன்றுமுறை சரிபார்த்தவள், அவர் விரல் காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றாம் தேதி இருநூறு குப்பிகளையும் அழித்தார்கள். பத்து நாள் கழித்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உங்க ஆபீஸ்லேர்ந்து சர்க்குலர் வந்திருக்கு."

"ஊசி பத்தியா?"

"படிக்கறேன், கேளு. 'வெறுங்கால் நடையின் பயனாக ஒப்புதல் குழு உறுப்பினர் எழுவரும் புழுவற்றவர்கள் என்பது ஆய்வகச் சோதனையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருப்பதால், பள்ளி வளாகத்தில் மாணவர்கள் காலணி அணிவது உடனடியாகத் தடை செய்யப்படுகிறது.' வாசல்ல லாரி நிறைய உரம் வேற வந்து நிக்குது."

"எந்த மடையன்டா இதை எழுதினான்?"

தம்பி தாளைக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"'பரிந்துரைத்த வல்லுநர்'னு போட்டு, கீழ உன் கையெழுத்துதான்க்கா இருக்கு."