துரை கொடுத்த சப்பாத்து

"காலப் பாக்க வந்தவளுக காலப் பாத்துட்டுப் போகட்டும். எதுக்குடி எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறாளுக?"

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி கட்டிலில் சாய்ந்தபடி கத்தினார். அவருடைய வலது கால் தலையணைகளை அடுக்கிய மேட்டில், முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி வீற்றிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்தது பெருவிரலின் நுனி மட்டும்தான். அந்த நுனியைப் பார்க்கத்தான் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டமே வேலை விட்டதும் அவர் வாசலில் வந்து கூடியது.

"சிரிக்காம என்ன செய்வாங்க?" என்றாள் அவர் மனைவி நாகலெட்சுமி. "ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னத லொறிக்கார இராமையா லயம் லயமா, வீடு வீடா சொல்லிட்டு வந்திருக்கானே."

கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். அவருடைய பெருவிரலின் அடிக்கணுவில் வருஷக் கணக்காக ஓர் எலும்பு புடைத்துப் புடைத்து எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. பெருவிரலோ தன் திசையை மறந்து பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. டாக்டர் எலும்பைச் செதுக்கி, விரலை நிமிர்த்தி, தைத்துக் கட்டினார். நல்ல மனுஷன், அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆச்சரியமாக இருக்கிறது. இதை நான் எப்போதும் பெண்களுக்குத்தான் வெட்டியிருக்கிறேன். ஆண்பிள்ளைக்கு வெட்டுவது இதுதான் முதல் தடவை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கணேசமூர்த்தியைத் தூக்கிக்கொண்டு போக வந்த இராமையா அப்போது கட்டிலோரமாக நின்றிருந்தான். அவன் லொறி மேட்டில் முனகும், வாய் முனகாது.

அன்று சாயங்காலத்துக்குள் "அய்யாவுக்கு வந்திருக்கிறது பொம்பள நோவாம்" என்று கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் தெரிந்துவிட்டது.

மற்ற நாளாக இருந்தால் கணேசமூர்த்தி இதைத் துடைத்துப் போட்டிருப்பார். ஆனால் மாதக் கடைசியில் புதுத் துரை வருகிறார். வந்த மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, முன்னால் நின்று வேலை பிரித்துக் கொடுப்பவன் எவனோ அவன்தான் புதுத் துரையின் கண்ணுக்குக் கணக்கப்பிள்ளை. கணேசமூர்த்தி படுத்திருந்தால் அந்த இடத்தில் பொன்னையாக் கங்காணி நிற்பான். பொன்னையா இப்போதே அதட்டிப் பேசிப் பழகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்த இடம் ஒருமுறை போனால் போனதுதான். அதை நினைத்தால் தையல் போட்ட இடத்தைவிட நெஞ்சு வலித்தது அவருக்கு.

ஆகவே, பொம்பளை நோவு தமக்கு எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டினார்.

தோட்டத்து மருந்தய்யா பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டைப் பார்க்க வந்தவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்த சப்பாத்துச் சோடியைக் கையில் எடுத்தார்.

"காரணம் உங்கட கட்டிலுக்குக் கீழயே கிடக்கு. உந்தச் சப்பாத்துத்தான் எலும்பைத் தள்ளினது. உது உங்களுக்குச் சிறிசு கண்டியளோ."

"அது வெள்ளக்காரத் தொரை போட்ட சப்பாத்துங்க!"

"துரை போட்டதெண்டு எலும்புக்குத் தெரியுமோ?"

"அப்ப தொரைக்கும் இந்த நோவு வந்திருக்கணுமே? அவருக்கு வராதது எனக்கு மட்டும் எப்படிங்க வரும்?"

மருந்தய்யா சப்பாத்தைப் பழைய இடத்திலேயே வைத்தார். காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சப்பாத்தைப் பழித்தால் கணேசமூர்த்தியைப் பழித்த மாதிரி. சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குக் கிளம்பியபோது, பங்களாச் சமையல்காரன் அப்பு அழகன் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். கணக்கப்பிள்ளைக்குத் துரை கொடுத்தது ஒன்று, கணக்கப்பிள்ளை சம்சாரத்துக்குத் துரைசானி கொடுத்தது ஒன்று. அழகனும் வேறு பங்களா பார்த்து நுவரெலியாப் பக்கம் போய்விட்டான். அன்றைக்குக் கணேசமூர்த்தி பளபளப்பைப் பார்த்து எடுத்துக் காலில் மாட்டியதுதான், மாதுளைப்பழ நிறத் தோலும் மூக்கில் ஊசித் துளையால் போட்ட பூவேலையுமாக இருந்த இந்தச் சோடி. முதல் நாளே கடித்தது. 'துரை போட்டதென்றால் கடிக்கத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வெறுங்கால் தோட்டத்தில் அந்தச் சப்பாத்துச் சத்தம் வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாகலெட்சுமிக்கு வந்த சோடியோ பின்கட்டு விறகுக் குவியலுக்குப் போயிற்று. செருப்பே போட்டறியாதவளுக்குச் சப்பாத்து எதற்கு? இப்போது அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

சப்பாத்து குற்றவாளி இல்லையென்றால் வேறு யார்? ஆண்பிள்ளைகளுக்கும் இந்த நோவு வரும் என்று காட்டினால் போதுமே என்று கணேசமூர்த்திக்கு ஒரு யோசனை உதித்தது. பொன்னையாவைக் கூப்பிட்டு விட்டார்.

"கங்காணி, நாளைக்குப் பெரட்டுல ஆம்பள ஆளுக எல்லார் காலையும் பாரு. எவனுக்காச்சும் பெருவெரலு சாஞ்சிருந்தா எனக்குச் சொல்லணும்."

மறுநாள் விடியற்காலைக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆண்கள் வரிசையாக ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். வேடிக்கை பார்த்த பெண்களும் சும்மா இருப்பார்களா, அவர்களும் காட்டினார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போக அன்று வெயில் ஏறிவிட்டது.

"ஒரு பயலுக்கும் இல்லீங்கய்யா" என்றான் பொன்னையா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "பொம்பளைகளுக்குக்கூட இல்லீங்க. இந்தத் தோட்டத்துலயே ஒங்களுக்கு மட்டுந்தான்."

போதாதா? பொம்பளைக்கும் வராத பொம்பளை நோவு என்று புகழ் இன்னும் பெரிதாயிற்று. கினிகத்தேனைக் கடைத்தெருவிலிருந்து ஒரு புடவைக் கடைக்காரர் பஸ் ஏறி வந்து விரல் நுனியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வாங்கி வந்த பிஸ்கோத்தை நாகலெட்சுமி வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தாள்.

பிஸ்கோத்து தீர்ந்ததும் அவளுக்கும் ஒரு காரணம் தோன்றிற்று.

"இது சாபங்க. முள்ளு குத்துன காலோட பிந்தி வந்தான்னு ராக்காயிக் கெழவிக்கு அரப்பேரு போட்டீங்களே, மறந்துட்டீங்களா? மண்ண வாரித் தூத்திட்டுப் போனா. அவளக் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுங்க."

கணேசமூர்த்திக்கு அது நினைவிருந்தது. அரைநாள் சம்பளத்தைப் பிடித்தது கொஞ்சம் அதிகம்தான் என்று அன்றைக்கே மனசில் பட்டது, வாயில்தான் வரவில்லை. இன்று படுத்த படுக்கையில் வந்தது.

"தப்புத்தான் ராக்காயி. சாபத்த எடுத்துரு."

ராக்காயி காலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"நான் குடுத்த சாபம் இது இல்லீங்களே" என்றாள் யோசனையோடு. "நான் சாபம் விட்டது ஒங்க வாய்க்குங்க. காலுக்கு நான் எதுவும் விடல."

ஆனாலும் மனம் இளகியவள் சும்மா போகவில்லை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் படக் கூடாது, வாடைக் காற்று ஆகாது என்றெல்லாம் கேட்டதும் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட கருவாட்டுக் குழம்பு வந்தது. அதற்கு மறுநாள் மற்றப் பெண்களும் காயச் சரக்கு அரைத்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியம் ஒன்று பாக்கியில்லாமல் கணக்கப்பிள்ளைக்கு நடந்தது. மானம் போகிறதே என்று அவருக்கு இருந்தது, ஆனால் குழம்பு ருசியாகவும் இருந்தது.

வெளியே நின்ற பொன்னையா எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினான்.

"வாசம் தூக்குதுங்கய்யா. ஆணுங்களா, பொண்ணுங்களா?"

வாசலில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கணேசமூர்த்தி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாகலெட்சுமி, சப்பாத்த எடு. புதுத் தொரை வந்துட்டாராமே, நாளைக்குப் பெரட்டுக்கு நான் போறேன்."

"மருந்தய்யா கால ஊனக் கூடாதுன்னாரே!"

"காலு போனா ஒத்தக் காலோட இருப்பேன். மரியாதை போனா எப்படிடி இருப்பேன்?"

அவர் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள். குனிந்து சப்பாத்தை எடுத்தாள். இடது காலில் சப்பாத்து எப்போதும்போலக் கடித்துக்கொண்டு ஏறியது. கட்டுப் போட்ட வலது கால் பாதிகூட நுழையவில்லை. எண்ணெய் தடவினாள், அழுத்தினாள். அவர் போட்ட கூச்சலில் கோழி எழுந்து கத்தியது.

கோழிச் சத்தம் கேட்டதும் நாகலெட்சுமிக்குப் பளிச்சென்றது. "ஏங்க, பின்னால கெடக்கே தொரைசானி சப்பாத்து, அது நல்ல பெருசு. கட்டோடயே காலு போயிரும். கோழியத் தூக்கிக் கூடையில வச்சிடுறேன்."

கணேசமூர்த்திக்கு வந்த கோபத்தில் வலிகூட மறந்துபோயிற்று.

"பொம்பளச் சப்பாத்தயா? ஊரே என்னப் பொம்பள நோவுக்காரன்னு சிரிக்குது, நான் பொம்பளச் சப்பாத்த மாட்டிக்கிட்டுப் பெரட்டுல போயி நிக்கணுமா? என் உசுரு போனாலும் அது நடக்காது. அது கோழிக்கே இருக்கட்டும்!"

வேறு வழியில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வலது சப்பாத்தின் பக்கத்தை நீளக் கிழித்தாள். பூவேலை இரண்டாகப் பிளந்தபோது கணேசமூர்த்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்தும் விடியாத பனியில் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து அவரைப் பெரட்டுக் களத்தில் இறக்கினார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் அவர் ஒரு தடியை ஊன்றி எழுந்து நின்றார். புதுத் துரை கொழும்புப் பக்கத்துச் சிங்களவர், இளவயசு. கூடவே வேடிக்கை பார்க்கத் துரைசானியும் இறங்கினாள்.

துரைசானியின் பார்வை ஆட்களைத் தாண்டி, பொன்னையாவைத் தாண்டி, கணேசமூர்த்தியின் காலில் போய் நின்றது. நின்றது நகரவேயில்லை. துரையின் காதோடு இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். துரையும் குனிந்து பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தேயிலை மலையைப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, இந்தக் காலோட பெரட்டுக்கு வந்தீங்களா?" என்றார் கொச்சைத் தமிழில். "ரொம்ப நல்லது. சொகமாகிற வரைக்கும் நீங்க கதிரையில இருந்தே வேல குடுக்கணும். இவரு தூக்கிட்டு வருவாரு."

'இவரு' என்று துரை கை காட்டியது பொன்னையாவை. லயத்து ஆட்கள் இப்போதும் சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. கணேசமூர்த்திக்கு அந்தக் குளிரிலும் உடம்பு சூடேறியது.

"பாத்தியாடி!" வீட்டுக்கு வந்தும் அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "தொரைசானி கண்ண எடுத்தாளா? கிழிஞ்சாலும் தொரை சப்பாத்து தொரை சப்பாத்துத்தான். இதக் கொற சொன்னாரே மருந்தய்யா!"

சாயங்காலம் வாசலில் ஒரு பழைய முகம் தெரிந்தது. அப்பு அழகன்! தலை நரைத்திருந்தது. புதுத் துரை தன் பங்களாச் சமையலுக்கு அவனையே நுவரெலியாவிலிருந்து கூட்டிவந்திருந்தார்.

"சொகமுங்களா அய்யா? தொரைசானியம்மாதான் அனுப்புனாங்க. காலயில பாத்ததுலருந்து அதே பேச்சா இருக்காங்க. கணக்கப்பிள்ளைக்கு அந்தச் சப்பாத்து ஏதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"ஏதுன்னா கேக்குற? நீ கொண்டாந்து குடுத்ததுதானப்பா!" என்று கணேசமூர்த்தி பெருமையோடு கட்டிலுக்கடியைக் காட்டினார்.

அழகன் கிழிந்த சப்பாத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குதியைப் பார்த்தான், பூவேலையைத் தடவினான், தலையைச் சொறிந்தான். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்குப் போனான். நாகலெட்சுமி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். போனவன் ஈரக் கையோடு திரும்பிவந்து நிலைப்படியிலேயே நின்றான்.

"ஏங்கய்யா, தொரை ஒங்களுக்குன்னு ஆசையாக் குடுத்த சப்பாத்துல எதுக்குங்க கோழிய அடை வச்சிருக்கீங்க?"