நான்கு குழாய்களும் ஒரு சதுரமும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து அந்தச் சிற்றூரில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: தான் செய்த வேலையைத் தான் செய்ததாக எவரும் சொல்லிக்கொள்ளலாகாது. பக்கத்து வீட்டுத் தீயைத் தனியாளாக அணைத்தவரும் "அந்தப் பக்கமாப் போனேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பிறரைப் புகழ "மோசமில்ல" போதும், இகழ, "அது வித்தியாசமா இருக்கே." கண்ணில் படாதவரைப் புகழ்வதற்கு மட்டும் வரம்பில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டுநரான ஹார்லன் ஸ்கோக்ஸ்டாட் தன் நிலவறையில் முழங்காலிட்டிருந்தான். வீடு கட்டப்பட்ட நாளில், பின்னாளில் வரக்கூடிய குளியலறைக்கென யாரோ பதித்துவைத்த குழாய்கள் சிமென்ட் தரையிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் தடித்தது ஒன்று. சுவரோரம் மெலிந்தது ஒன்று. மூலையில் இன்னொரு தடித்தது, கூரைவரை ஏறிப் போயிற்று. நான்காவது, சிமென்ட் போடாமல் சரளைக்கல்லோடு விடப்பட்டிருந்த சதுரத்துக்குள் ஒளிந்திருந்தது.

"டிசம்பர்ல நம்ம பொண்ணு ப்ரெண்டா குடும்பத்தோட வர்றா. குளிர்காலம் முழுக்க இங்கதான்," என்று மாடிப்படியிலிருந்து மனைவி மார்லிஸ் குரல் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை கட்டட இன்ஸ்பெக்டர் வந்து பாத்து சரின்னு சொல்லலேன்னா, ஏழு பேருக்கு ஒரே கக்கூஸ். உன் முறை வர்றப்ப பனியில போய் நிக்கணும், ஆமா."

"எல்லாம் புரிஞ்சுபோச்சு மார்லிஸ்!"

புரிந்தது இதுதான்: கழிப்பறைப் பீடத்தின் குழாய் சுவரிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நடுக்குழாயோ பதினாறில் இருந்தது. ஆகவே அது குளிப்பதற்கு, மெலிந்தது கைகழுவும் தொட்டிக்கு, மூலைக்குழாயே பீடத்துக்கு. அப்படியானால் சதுரத்துக்குள் இருப்பது உபரி.

பூசணி கேக் தட்டோடு பக்கத்து வீட்டு லவோன் இறங்கி வந்தார். எங்கோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கே என்று கேட்பது நாகரிகமன்று என்பதால், பதினோரு ஆண்டுகளாக ஹார்லன் கேட்டதில்லை.

"பாத்தீங்களா லவோன்? குழாய் பதிச்ச மனுஷன் கெட்டிக்காரர்தான். ஆனா பாவம், இங்க சிமென்ட் பத்தாமப் போயிருக்கு. நான் அடைச்சு விட்டுடறேன்."

"அது... வித்தியாசமா இருக்கே," என்றார் லவோன். "என்னப்பா அவசரம்? காபி குடிச்சுட்டுப் பூசலாமே."

"குழைச்சது இறுகிடும்."

பூசிவிட்டான்.

மறுநாள் லவோன் பார்த்துக்கொண்டிருக்க, மூலைக்குழாயை அறுத்து, சோதனைக்காக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் அமைதியாகப் போயிற்று. "பாத்தீங்களா!" என்று அவன் நிமிர்வதற்குள், எதிர் மூலையில் ஊற்றுநீர் இறைக்கும் மோட்டார் உறுமியது. ஊற்றிய தண்ணீர் தரைக்கடியில் பரவி, மோட்டார்க் குழியை நிரப்பிக்கொண்டிருந்தது.

"ஏன் அது கத்துது?" மாடியிலிருந்து மார்லிஸ்.

"சந்தோஷத்துல!"

லவோன் கேக்கை ஆராய்ந்தபடி சொன்னார்: "எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு கூரைக்குப் போகுது. மண்ணுக்கடியில கெட்ட வாயு ஏதோ ஊறுமாமே? எனக்கென்ன தெரியும்."

ஹார்லனுக்கு உறைத்தது: மூலையில் இருப்பது கழிவுநீர்க் குழாயே இல்லை, அந்த வாயுவைக் கூரைக்கு ஏற்றிவிடும் குழாய். அறுத்த குழாயை அன்றே இணைப்பு வைத்து ஒட்டினான். ஆனால் பீடம் இப்போது எங்கே போகும்?

புதன்கிழமை லவோன் வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல மரச்சட்டம், பலகையெல்லாம் அடிப்பீங்கல்ல? அப்ப சுவர் எங்க வந்து நிக்குமோ?"

ஹார்லன் ஒரு சட்டத்தையும் பலகைத் துண்டையும் சுவரில் சாய்த்துவைத்து அளந்தான். சட்டம் மூன்றரை, பலகை அரை. எஞ்சியது பன்னிரண்டு. மயிரிழையும் பிசகவில்லை.

அவன் தரையிலேயே அமர்ந்துவிட்டான். எழும்பாத சுவரின் கனத்தையும் கணக்கில் கொண்டு ஒருவர் குழாய் பதித்திருக்கிறார்! நடுக்குழாய்தான் பீடத்துக்கு. அப்படியெனில் குளிக்குமிடம்...

"சதுரம்!" என்று அலறினான். "நாத்தம் மேல வராமத் தடுக்கிற வளைவுக் குழாயைப் பிற்பாடு மாட்டறதுக்குன்னு விட்டு வெச்ச எடம் லவோன், அது! தரையை ஒடைக்க வேண்டாம்னு யோசிச்சு விட்டிருக்கார். நான் அடைச்சுட்டேன்!"

"சுத்தியல் என்கிட்ட ஒண்ணு கிடக்கு," என்றார் லவோன். அவர் கொண்டுவந்த சுத்தியலின் கைப்பிடி தேய்ந்து மெழுகாக இருந்ததை ஹார்லன் கவனிக்கவில்லை. வியாழன் முழுவதும் தன் சிமென்ட்டைத் தானே உடைத்தான். ஒவ்வோர் அடிக்கும் அந்த முகமறியா மனிதரைப் புகழ்ந்தான். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் லவோனின் காது சிவந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் குனிந்தார், அளந்தார், விளக்கடித்துப் பார்த்தார், கையெழுத்திட்டார்.

"மோசமில்ல," என்றார்.

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஊரில் இதற்குமேல் ஒரு பட்டமில்லை.

"என்னோடது ஒண்ணுமில்லீங்க," என்றான் ஹார்லன், சட்டப்படி. "எல்லாம் அந்த மனுஷன். இருபது வருஷம் கழிச்சு எவனோ ஒரு முட்டாள் வருவான்னு தெரிஞ்சே பதிச்சிருக்கார். ஒரு தடவை அவர் கையைக் குலுக்கக் கிடைச்சா, அது போதும் எனக்கு."

பக்கத்தில் நின்றிருந்த லவோன் கேக் தட்டைக் கீழே வைத்தார். கையை மேலாடையில் துடைத்து நீட்டினார்.

"குலுக்குப்பா. பதிச்சது நான்தான், இந்த ஜில்லாவுலயே என்னை மாதிரி குழாய் பதிக்க ஆள் கிடையாது!"