பதினேழடி ஏழங்குலப் படகு

1992ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குருநகரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு மாப்பிள்ளை மட்டும் போதாது, காரும் வேண்டும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மையாக இருந்தது. மாப்பிள்ளை லேசாகக் கிடைத்துவிடுவான். சொந்தமாக ஒரு வள்ளமும் நாலு வலையும் வைத்திருந்த கிறகோரிக்கும் அப்படித்தான், மகள் சிசிலியாவுக்குப் பாசையூரிலிருந்து நல்ல மாப்பிள்ளை அமைந்துவிட்டான். கார்தான் மிச்சம்.

கிறகோரியின் வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் இடையில் நூற்றிருபது யார், கூப்பிடு தூரம். ஆனால் பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் காரைத் திரும்பியும் பார்க்காத சனத்துக்கு, யுத்தகாலத் தடையில் பெற்றோல் அடியோடு நின்றபிறகு கார் இல்லாத கலியாணம் கலியாணமாகவே தெரியவில்லை. பங்குனியில் ஒரு பெண் ஒஸ்டின் காரில் வந்து கோயில் வாசலில் இறங்கினாள். வைகாசியில் ஒருத்தி அதைவிடப் பெரிய கேம்பிரிட்ஜ் காரில் வந்தாள். ஆடியில் ஒருத்தி எதுவும் அகப்படாமல் உழவு மெசினில் வந்தாள், பாவம். அவளுக்குப் பிள்ளை பிறந்தபிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் அருட்பிரகாசம் மிகவும் பெருந்தன்மையான மனிதர்.

"எங்களுக்குச் சீதனம் பெரிசில்லை, அண்ணை. மரியாதைதான் பெரிசு. பிள்ளை வந்து இறங்கிற கார் மட்டும் கொஞ்சம் நீளமா இருந்தால் நல்லது. வீடியோவைக் கனடாவிலை எங்கடை ஆக்கள் பாப்பினம்."

"எத்தினை அடி?" என்று கேட்டார் கிறகோரி. கடலில் பிழைக்கிறவர் வேறு என்னத்தைக் கேட்பார்?

"அமெரிக்கன் காரெண்டால் சரி."

இதைக் கேட்டதும் கிறகோரியின் மனைவி அற்புதராணி தலையில் கை வைத்தாள். "கோயில் உந்தா தெரியுது. பிள்ளை நடந்துபோனால் என்ன?"

"நடக்கலாம். நடந்துதான் வந்தவள் எண்டு சாகும்வரைக்கும் கதைப்பாங்கள்."

மறுநாளே கிறகோரி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் மெக்கானிக் தியாகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கார் பார்க்கப் புறப்பட்டார். கொக்குவிலில் ஒரு டொட்ஜ் இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பங்கருக்கு மேலே ஏற்றி, சுற்றிவர மண்மூட்டை அடுக்கியிருந்தார்.

"காரைத் தரலாம். ஆனால் ஷெல் அடிக்கிற நேரம் அந்த இடத்திலை நீர் வந்து படுப்பீரோ?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் இருவரும் வந்துவிட்டார்கள்.

மானிப்பாயில் ஒரு பிளிமத். பின் சீற்றில் கோழி அடைகிடந்தது. இருபத்தொரு நாள் கழித்து வந்தால் பேசலாம் என்றார்கள்.

கடைசியில் திருநெல்வேலியிலேயே, ஓய்வுபெற்ற தபாலதிபர் முத்துக்குமாருவின் கொட்டிலில், தென்னோலைக்குக் கீழே 1959ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா ஒன்று கிடந்தது. கிறகோரி அதைக் கார் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை, வள்ளம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரைக்கும் விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். குனிந்து அடிப்பக்கத்தை மணந்தார். பின்னால் இரண்டு பக்கமும் அகன்று விரிந்த தகரத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"திருக்கை மீனடா தம்பி!"

"அண்ணை, என்ஜினையும் ஒருக்கால் பாருங்கோ."

"என்ஜினை மாத்தலாம். உடம்புதான் முக்கியம்."

விலை, ஒரு புது லுமாலா சைக்கிளும் ஒரு பெட்டி சவுக்காரமும். தபாலதிபர் சைக்கிளில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல வாகனத்தைக் கொடுத்து இதை வாங்குகிறானே என்று கிறகோரிக்காக மனம் வருந்தினார்.

தியாகலிங்கம் ஒரு மாதத்தில் காரை எழுப்பினான். ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற வித்தை அப்போது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். பிரேக் மட்டும் சரிவரவில்லை. நூற்றிருபது யார் தூரத்துக்குப் பிரேக் எதற்கு என்று அதை விட்டுவிட்டார்கள்.

மண்ணெண்ணெய்க்குத்தான் எரிபொருள் பங்கீட்டு ஒருங்கிணைப்புப் பணிமனைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே கிறகோரி ஒரு பிழை விட்டார். இருபது வருடமாக அவர் வாழ்க்கையில் நிரப்பிய ஒரே படிவம் பச்சை நிறப் படிவம், அது படகுப் படிவம். கை பழக்கத்தில் அதையே எடுத்து உண்மையை உண்மையாக எழுதினார். நீளம்: பதினேழடி ஏழங்குலம். குதிரைவலு: நூற்றெண்பத்தைந்து. பெயர்: இம்பாலா. ஏற்றும் ஆட்கள்: ஆறு. செய்யும் தொழில்: கலியாணம்.

உதவிப் பணிப்பாளர் சோமசேகரம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கிழமைக்குப் பத்து லீற்றர்.

வீட்டுக்கு வந்து பார்த்த கிறகோரிக்கு மனச்சாட்சி குத்தியது. அடுத்தநாள் காலையே திரும்பிப் போனார்.

"ஐயா, இது படகில்லை. கார்."

"இதிலை என்ன எழுதிக்கிடக்கு?"

"படகெண்டு."

"கீழை ஆரின்ரை கையெழுத்து?"

"உங்கடை."

"அப்ப நான் பிழை விட்டனான் எண்டு சொல்லுறீர்?"

"ஐயோ, இல்லை ஐயா."

சோமசேகரம் சுற்றறிக்கையை எடுத்து விரித்தார். "படகு என்பது பதினாறடிக்குக் குறையாததும், இயந்திரம் பொருத்தப்பட்டதும், ஆட்களை ஏற்றிச் செல்வதுமான சாதனம். உம்மடை சாதனம் பதினாறடிக்குக் குறைவோ?"

"இல்லை."

"என்ஜின் இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"இதிலை எங்கையாவது தண்ணி எண்டு ஒரு சொல் இருக்கோ? வடிவாப் பாரும்."

கிறகோரி வடிவாகப் பார்த்தார். இல்லை.

"பிறகேன் காலங்காத்தாலை வந்து என்ரை நேரத்தை வீணாக்கிறீர்? படகெண்டால் நங்கூரம் வைச்சிருக்கவேணும். இரவிலை இறங்குதுறையிலை நிக்கவேணும். மாதம் முடிய எத்தினை மீன் பிடிச்சதெண்டு அறிக்கை தரவேணும். போம்."

அன்றிலிருந்து இம்பாலா நங்கூரத்தோடு இறங்குதுறையில் வள்ளங்களுக்கு நடுவே நின்றது.

அதையும், படகென்று பதிந்ததற்குக் கிடைத்த பத்து லீற்றரையும் ஊர் பார்த்தது. முதலில் ஒரு பல் டொக்டர் வந்து, நாடாவைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். அவருடைய ஒஸ்டின் பதின்மூன்று அடிகூட இல்லை. அவர் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்குப் பனைமரத்தில் அறுத்த சலாகை பூட்டி, விண்ணப்பித்து, படகாகிவிட்டார். அவருக்குப் பின்னால் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து, அவருக்குப் பின்னால் இரண்டு கல்லூரி அதிபர்கள். ஐப்பசி பிறந்தபோது சலாகை நீட்டாத கார் மதிப்பான வீடுகளுக்குள் போகமுடியாத நிலைமை. என்ஜினே இல்லாமல் கல்லில் நின்ற கார்களுக்கும் சலாகை பூட்டினார்கள். சந்தியில் திரும்பும்போது எத்தனை பேர் சலாகையால் குத்து வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குத்து வாங்கியவர்களும் காரின் நீளத்தைப் பாராட்டிவிட்டே முனகினார்கள்.

படகுகள் நாற்பதிலிருந்து நூற்றுப்பத்தாக உயர்ந்தன. தமது நிர்வாகத்தில் கடற்றொழில் அபரிமிதமாக வளர்ச்சியடைந்துள்ளதாகச் சோமசேகரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய் மட்டும் பழைய அளவிலேயே வந்தது. பங்கு போட்டால் படகொன்றுக்கு மூன்றரை லீற்றர். ஒரு கார் பட்டணத்தைச் சுற்றிவர அது போதும். ஒரு வள்ளம் கடலுக்குப் போகவும் காணும், திரும்பி வரத்தான் காணாது. நாற்பது வள்ளமும் கரையில் ஏறின. கிறகோரியின் வள்ளமும் ஏறியது.

தை மாதம் கலியாணம். அதற்கு இரண்டு கிழமை முன்னால் அற்புதராணி கேட்டாள்: "பந்திக்கு மீனுக்கு என்ன செய்யப்போறியள்? சந்தையிலை ஒரு சூடை மீன்கூட இல்லை. காருக்குச் சேத்து வைச்ச எண்ணெயை வள்ளத்துக்கு ஊத்தி ஒருக்கால் கடலுக்குப் போட்டு வாங்கோவன்."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை நடக்கும்."

கிறகோரி அன்று முழுக்க யோசித்தார். எண்ணெய்க் கானை வள்ளத்தடிக்குத் தூக்கிக்கொண்டும் போனார். உழவு மெசினில் வந்த பெண்ணை நினைத்தார். கானைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

கலியாணத்தன்று இம்பாலாவுக்குக் கோயிலுக்குப் போகும் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திரும்ப இடம் போதவில்லை. கடற்கரை வீதியால் முக்கால் மைல் சுற்றிப் போனார்கள். மண்ணெண்ணெய்ப் புகையில் சிசிலியா முக்காட்டுக்குள் தும்மிக்கொண்டே போனாள். கோயில் வாசலில், காரை ஓட்டிவந்த தியாகலிங்கம் "போடுங்கோ!" என்று கத்த, பின் கண்ணாடியால் அவளுடைய தாய்மாமன் நங்கூரத்தைப் போட்டார். கார் மாதா சுரூபத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. சனம் கைதட்டியது. அருட்பிரகாசத்துக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண் பந்தியில்தான் காய்ந்தது. வாழையிலையில் பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய்.

"என்ன அண்ணை இது? கடற்கரைச் சனம் இலையிலை மீனில்லாமல் பந்தி வைக்குமோ? வீடியோவைக் கனடாவிலை பாக்கப்போகினம். என்ரை மரியாதை என்னாகிறது?"

பக்கத்து இலையில் இருந்த சோமசேகரம் வேறு, கத்தரிக்காயைத் தள்ளிவைத்துவிட்டு உரிமையோடு கேட்டார்: "ஏன் கிறகோரி, நூற்றுப்பத்துப் படகு பதிஞ்சு கிடக்கு. ஒரு மீனும் இல்லையோ?"

கிறகோரி வாசலைக் காட்டினார். வெளியே, விருந்துக்கு வந்தவர்களின் கார்கள் சலாகையோடு சலாகை முட்டிக்கொண்டு வீதி முழுக்க நின்றன.

"படகெல்லாம் உந்தா நிக்குது, ஐயா. நீங்களும் ஒண்டிலைதானே வந்தனீங்கள்."

சோமசேகரம் கையைக் கழுவிவிட்டு யோசனையோடு தமது படகில் ஏறிப் போனார். அவர் செயல்வீரர். திங்கட்கிழமையே உத்தரவு வந்தது: மூன்று மாதமாக அசையாமல் கிடந்து எரிபொருளை விரயமாக்கும் படகுகளின் பதிவு உடனடியாக நீக்கப்படும்.

ஒரு குழு நேரில் வந்து பார்த்தது. எழுபது படகுகள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது படகுகள் கரையில் அசையாமல் கிடந்தன. நாற்பதும் நீக்கப்பட்டன. கிறகோரியின் வள்ளம் பட்டியலில் முதலாவது. இம்பாலாவுக்குப் பங்கு உயர்ந்தது.

மாத முடிவில் இம்பாலாவின் பச்சைப் படிவம் வந்தது. கிறகோரி வள்ளத்தில் சாய்ந்துகொண்டு அதை நிரப்பினார். இந்த மாதம் பிடிபட்டது என்ற இடத்தில், இருபது வருடப் பழக்கத்தில், உண்மையை உண்மையாக எழுதினார்: "ஒன்று. பெயர் கிறகோரி."

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. எடை குறிப்பிடப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.