காதுகுத்துக்குப் போன நட்சத்திரக் கண்ணாடி

கள்ளக்குறிச்சி,
தை 20.

அன்புள்ள மச்சான் தமிழரசனுக்கு, மாமா தெய்வசிகாமணி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா அமிர்தமும் மகள் ராதிகாவும் உடம்பளவில் சுகம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், உங்கள் அக்கா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

விஷயம், நீங்கள் ராதிகாவுக்கு அனுப்பிய அந்தக் கண்ணாடி. வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே சிவப்பு மேகம் இருக்கிறதாம், அதைப் படம் பிடிக்க வேண்டுமாம், ஆனால் நம் கேமராவுக்குள் கம்பெனிக்காரன் வைத்த ஒரு தடுப்பு அந்தச் சிவப்பை முக்கால்வாசி விழுங்கிவிடுகிறதாம், கேமராவைப் பிரித்து அதை எடுத்துவிடலாமாப்பா என்று கேட்டாள். ஸ்டுடியோவில் இருப்பதே ஒரு கேமரா, அதில் எவன் கை வைத்தாலும் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்றேன். உடனே தாய்மாமன் நீங்கள் பஞ்சாயத்துக்கு வந்தீர்கள். "பிரிக்கவே வேணாம் மாமா. இந்த நேரோபேண்ட் பில்டர் கண்ணாடிய லென்சுக்குப் பின்னால சொருகுனா போதும். அந்த ஒரு சிவப்பை மட்டும் உள்ள வுடும், மத்த வெளிச்சமெல்லாம் வெளியவே நின்னுடும்" என்றீர்கள். பிஸ்கட் அளவு சாமான், இதனால் இன்னா வந்துடப் போவுது என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

போன சனிக்கிழமை, நிலா சீக்கிரம் மறைந்துவிடும் என்று ஜீப் பிடித்து வெள்ளிமலைக்குப் புறப்பட்டாள். தனியாக அனுப்ப மனசு வருமா? நானும் போனேன். நமக்குத் தெரிந்த கருப்பண்ணன் சாமை அறுத்த கொல்லையில் இடம் கொடுத்தார். ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம். பிரிக்காத கேமராவில் அந்தச் சிவப்பு வருவதே கம்மி, அதனால் ஜாஸ்தி படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் பனியில் பல்லு தந்தியடிக்கிறது. "ஐயா, வானம் எங்கயும் ஓடிப் போவாது, உள்ள வந்து கஞ்சி குடிங்க" என்று கருப்பண்ணனே பரிதாபப்பட்டார். ராதிகா கேமராவைத் திருப்பி, "மேகம் தெரியுதாப்பா?" என்றாள். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை மச்சான். ஆனால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாச்சு! "பிரமாதம்மா" என்று பொய் சொன்னேன்.

விடிந்ததும் அதே ஜீப்பில் மலை இறங்கி, அவளை வீட்டில் விட்டுவிட்டு, கேமராவோடு நேராகத் திருநாவலூர் கோயிலுக்குப் போனேன். அறிவுச்செல்வன் என்பவர் மகள் இசைவாணிக்குக் காதுகுத்து. தூக்கக் கலக்கத்தில் கேமராவுக்குள் இருந்த கண்ணாடியைக் கழற்ற இரண்டு பேருமே மறந்துவிட்டோம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள்தான் ஆகிறது. கொஞ்ச நாளைக்குச் சிவப்பாகத் தெரியலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேமராவில் கண்ணை வைத்தேன், ஒரே சிவப்பு, அதுவும் இருட்டு! போச்சுடா, கண்ணு அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவை காது குத்துவார்கள்? வெளியில் மூச்சு விடாமல், பிளாஷை முழுசாக வைத்து, கேமராவில் வெளிச்சம் கூட்டுகிற எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, முப்பது வருஷத்துக் கைக்கணக்கில் தட்டிக்கொண்டே போனேன். சடங்கு முடியாமல் படத்தைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, பிலிம் காலத்து ஆள்.

பந்தியில் வைத்து அறிவுச்செல்வன்தான் பார்த்தார். "இன்னாங்க இது, எங்க வூட்டுப் புள்ளைய தக்காளிச் சட்னில முக்கி எடுத்த மாதிரி கீது? ஆசாரி மொதக்கொண்டு செவப்பா கீறாரே! மறுபடியும் குத்தவா முடியும்?" என்று போட்ட சத்தத்தில் சாம்பார் வாளிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். புதன்கிழமைக்குள் வழி சொல்லாவிட்டால் ஊர் ஊராக என் பேரைச் சொல்லுவாராம். சொன்னால் யார் என் ஸ்டுடியோ படி ஏறுவார்கள்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இந்தக் கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும். வானத்தை விட்டுவிடச் சொல்லி ராதிகாவிடமும் நீங்களேதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும், அதைப் பார்க்க என்னால் ஆகாது. கோபத்தில் எழுதினாலும், நீங்களும் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமா
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து, இன்றைக்குத்தான் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ராதிகா இரண்டு நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டாள். அறிவுச்செல்வன் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "யோவ், பாப்பா கண்ணுல நிக்கிற தண்ணி கூடத் தெரியுதுய்யா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து ரிஷிவந்தியத்திலிருந்து இரண்டு குடும்பம், எங்களுக்கும் இதே மாதிரிதான் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகையால் கண்ணாடி கேமராவை விட்டு வெளியே வராது, நீங்களும் எடுத்துப்போக வர வேண்டாம். ராதிகாதான், இருக்கிற ஒரு கேமராவும் சடங்கு வேலைக்கே போய்விடுகிறது, மலைக்குப் போக வழியில்லை என்று என்னோடு பேசாமல் இருக்கிறாள். அவளுக்கென்று தனியாக ஒரு கேமராவும் இதே மாதிரி இன்னொரு கண்ணாடியும் உடனே வாங்கி அனுப்புங்கள். தாய்மாமன் சீர் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.